மேனேஜரின் தொட்டி

அக்காவின் கணவர் முடிதிருத்துபவர். கையில் கத்தி இருக்கும்போது எதிராளியோடு வாக்குவாதம் செய்யக் கூடாது என்பது அத்தானின் தொழில் பழக்கம். நாற்காலியில் இருப்பவர் காக்கை வெள்ளை என்றாலும் “சரிங்க” என்பார். நாளடைவில் அந்தப் பழக்கம் நாற்காலியைத் தாண்டி வந்துவிட்டது. பெஞ்சில் காத்திருப்பவர் சொன்னாலும் சரி, சும்மா பேப்பர் படிக்க வந்தவர் சொன்னாலும் சரி, அவருக்கு வேறு வார்த்தை வராது.

கடையின் பின்கட்டில் நான் துண்டுகளைத் துவைத்து மடிக்கிறேன். நடுவில் ஒரு திரை. அது விலகிய இடத்தில் மீன் தொட்டி தெரியும். அதன் வழியாகக் கடை முழுவதும் தெரியும்.

தொட்டியில் ஒரே ஒரு ஆஸ்கார் மீன், உள்ளங்கையைவிடப் பெரியது. அங்குமிங்கும் போய் எல்லோரையும் முறைக்கும், வேலை ஒன்றும் செய்யாது. அதனால் கடைக்கு வருபவர்கள் அதற்கு வைத்த பெயர் மேனேஜர். அழுகிற குழந்தையும் அதைப் பார்த்தபடி தலையைக் கொடுத்துவிடும். அத்தான் தானாக வாய் திறந்து பேசுவது அதனிடம் மட்டும்தான். கடையைத் திறந்ததும், “என்னய்யா, ராத்திரி ஒழுங்கா தூங்கினியா?” என்பார்.

ஒரு காலையில் தொட்டிக்குக் கீழே ஈரம். அடி மூலையில் பசை விட்டிருந்தது. துடைக்கத் துடைக்க ஊறியது.

கண்ணாடிக் கடைக்காரர் வந்து பார்த்தார். “உள்ள இருக்கிற பழைய பசை மொத்தத்தையும் சுரண்டி எடுக்கணும். பழசு மேல புதுசு ஒட்டாது. அப்புறம் ஒரு வாரம் காயணும். இல்லைன்னா புதுசே வாங்கிடுங்க.”

அத்தானுக்குப் புதுசுதான் ஆசை. முகத்தில் தெரிந்தது. அதற்குள் நாற்காலியில் இருந்த பெயிண்டர், முகமெல்லாம் நுரையோடு முந்திக்கொண்டார்.

“ஒரு சொட்டு ஒழுகுதுன்னு தொட்டியையே மாத்துவீங்களா? மூக்கு ஒழுகினா மூக்கையா மாத்துறோம்?”

கடையே சிரித்தது. பெஞ்சில் இருந்த குழாய் ரிப்பேர்காரர், “பாத்ரூமுக்கு அடிக்கிற பசை என்கிட்ட இருக்கு. மேலயே ஒரு இழுப்பு இழுத்தா நாளைக்கே தண்ணி ஊத்தலாம்” என்றார்.

“சரிங்க” என்றார் அத்தான். கண்ணாடிக் கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜருக்குப் பெரிய வாளிக்கு இடமாற்றம். நான் பசை டியூபை எடுத்துப் பார்த்தேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பூஞ்சையைக் கொல்லும் என்று போட்டிருந்தது.

“அத்தான், இதுல மருந்து கலந்திருக்கு போல. மீனுக்கு ஆகுமா?”

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. குழாய்க்காரரைப் பார்த்தார்.

“பாத்ரூம்ல நீ தினம் குளிக்கிறியே, செத்தா போயிட்டே?” என்றார் குழாய்க்காரர்.

அத்தான் டியூபை என்னிடமிருந்து வாங்கி அவரிடமே கொடுத்தார். அவர் மூலையில் ஒரு இழுப்பு இழுத்தார்.

மறுநாள் தண்ணீர் ஊற்றி மேனேஜரைத் திரும்ப விட்டார்கள்; ஒழுகல் நின்றது. பெயிண்டர் தன் மூக்குக் கதையை வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். கொஞ்ச நாளில் மேனேஜர் இரையைத் தொடுவதை நிறுத்தியது. பிறகு மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. அதே மூலையில் தண்ணீரும் மறுபடி கசிந்தது.

அத்தான் மீனை வாளிக்கு மாற்றிவிட்டு, யாரையும் கேட்காமல் போய்ப் புதுத் தொட்டி வாங்கி வந்தார். வாங்கியது மட்டும்தான் அவர். அதை எங்கே வைப்பது என்பதைக் கடை எடுத்துக்கொண்டது.

“ஜன்னல் பக்கம் வேண்டாம்பா, வெயில் அடிக்கும்.”

“கண்ணாடிக்கு எதிர்ல வைங்க. ஒரு மீன் காசுல ரெண்டு மீன் தெரியும்.”

இரண்டு பேர் தொட்டியைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள். அத்தான் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பின்கட்டில், வாளிக்குள், மீன் பக்கவாட்டில் சாய்ந்தது.

திரையை விலக்கி, “அத்தான்” என்றேன். வாளியைக் காட்டினேன்.

கத்தியை வைத்துவிட்டு வந்தார். “என்னப்பா, இன்னொரு கன்னம்?” என்றது நாற்காலி. அவர் குழாயடிக்குப் போனார். சோப்பு வாசனை போகும்வரை கையைக் கழுவினார். முகர்ந்து பார்த்து மறுபடி கழுவினார். வாளி முன் குந்தி, இரு கைகளாலும் மீனை நிமிர்த்திப் பிடித்து, செவுளுக்குள் தண்ணீர் போகும்படி முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார்.

சாப்பாடு கொண்டுவந்த அக்கா பார்த்துவிட்டு, “விடுங்க, அது முடிஞ்சுது. முன்னால ஆள் பாதி முகத்தோட உட்கார்ந்திருக்கார்” என்றாள்.

“மூச்சு இருக்கு.”

“எவ்வளவு நேரம் இப்படியே பிடிச்சுக்கிட்டிருப்பீங்க?”

“தெரியல.”

கையை எடுத்துப் பார்த்தார். சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினார். தொட்டியை இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தச் சொல்லி முன்னால் யாரோ கத்தினார்கள். நான் துண்டுகளைப் போட்டுவிட்டு, வாளி ஆடாமல் இருக்க அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.