கியர் ஆயில் மாற்றிய சனிக்கிழமை

என் இடது கால் சிறுவயதிலேயே போலியோவில் சூம்பிப்போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஒரு பழைய காருக்காக நான் ஏன் அவ்வளவு சண்டை போட்டேன் என்பது யாருக்கும் விளங்காது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எனக்கு வலது கால் ஒன்றே போதும். ஆக்சிலேட்டர், பிரேக் இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். இடது கால் பக்கத்தில் மகாராணி மாதிரி சும்மா உட்கார்ந்து வரும். முத்தையாபுரத்தில் வீடு, துறைமுகத்தை ஒட்டி ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. காலையில் யாரையும் கெஞ்சாமல், யார் கையையும் பிடிக்காமல் நானே கதவைத் திறந்து, நானே உட்கார்ந்து, நானே போய்ச் சேர்கிறேன். இதைச் சொகுசு என்று சொல்பவர்கள் ஒரு மாதம் என் ஊன்றுகோலோடு பஸ் ஏறிப் பார்க்கட்டும்.

ஒரே சிக்கல், வண்டி என் தம்பி பெயரில் இருந்தது. அவன் சரக்குக் கப்பலில் என்ஜின் ரூம் ஃபிட்டர். எனக்காகத்தான் சென்னையிலிருந்து பழைய வண்டியாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அதற்காக வாயை மூடிக்கொண்டு இருக்கிற ஆள் நான் இல்லை.

அவன் விடுமுறையில் வந்திருந்தபோதுதான் வண்டி மக்கர் செய்தது. உப்பாற்று ஓடைப் பாலத்தில் ஏறிக்கொண்டிருக்கிறேன், திடீரென்று இழுவை இல்லை. என்ஜின் மட்டும் கத்துகிறது, சக்கரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பின்னால் கண்டெய்னர் லாரிக்காரர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவில்லை. ஒரு வழியாக ஒரு குலுக்கு குலுக்கி கியர் விழுந்தது, வீடு வந்து சேர்ந்தேன். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம். சாப்பிடும்போது தம்பியிடம் சொல்லித் தொலைத்தேன்.

மறுநாளே அவன் வண்டியை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனான். அங்கே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர் பாக்ஸ் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆயில் மாற்றினால் சரியாகாதா என்று இவன் கேட்டதற்கு, பழைய ஆயிலை எடுத்தால் மிச்சம் இருக்கிற உயிரும் போய்விடும், ஓடும்போதே தள்ளிவிடுங்கள் என்றார்களாம். இவன் அத்தோடு நிற்கவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் இருக்கிற ஒரு புரோக்கரிடம் பேசி, சனிக்கிழமை சாயங்காலம் வந்து வண்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டான்.

"ஆட்டோக்கார அண்ணாச்சி ஒருத்தரயும் பேசி வச்சிட்டேன்க்கா. தெனமும் காலைல வாசல்ல வந்து நிப்பாரு. நீ ஒண்ணும் யோசிக்க வேண்டாம்" என்றான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "நான் யோசிக்க வேண்டாம்னு நீ எப்படிலே முடிவு பண்ணலாம்? எனக்குக் கால்தான் சரியில்ல, தல நல்லாத்தான் இருக்கு."

அன்றைக்கு வண்டியோடு வந்த கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். சுங்கத் தாள்களில் ஒரு வரி பிசகினாலும் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும் என்கிற தொழிலில் இருப்பவள் நான். அச்சில் இருப்பதை வரி விடாமல் படிப்பது என் வியாதி. கியர் பாக்ஸ் ஆயிலையும் உள்ளே இருக்கும் ஃபில்டரையும் மாற்றியே ஆக வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. நாங்கள் மாற்றியதில்லை. முந்தைய சொந்தக்காரர் அந்தப் பக்கத்தையே திறந்ததில்லை என்று தோன்றியது. தொண்டை வறண்டவனைப் பார்த்துச் செத்துப்போய்விட்டான் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள்.

தம்பியைக் கூப்பிட்டுப் பந்தயம் கட்டினேன். "சனிக்கிழம காலைல நானே ஆயிலும் ஃபில்டரும் மாத்துதேன். ஒழுங்கா ஓடுச்சுன்னா வண்டி எனக்கு. ஓடலன்னா புரோக்கர் கையில சாவிய நானே குடுத்துருதேன்."

"நீயா மாத்தப் போற?"

"பின்ன ஒன் கப்பல் கேப்டனா வந்து மாத்துவாரு?"

"ஆழம் தெரியாம கால விடாதக்கா."

விடுவதற்கு எனக்கு உருப்படியாக இருப்பதே ஒரு கால்தான், அதை எங்கே விடுவது என்று எனக்குத் தெரியும் என்றேன். அவன் சிரித்துவிட்டான். சிரித்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம்.

ஃபில்டரும் பேக்கிங்கும் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தன. ஆயில் வாங்கப் போன கடையில் அண்ணாச்சி ஒரு டப்பாவை எடுத்து நீட்டி, "எல்லாம் செவப்புதாம்மா, எது ஊத்துனாலும் ஓடும்" என்றார். மிளகாய்ப் பொடியும் குங்குமமும்கூடச் சிவப்புதான் அண்ணாச்சி என்று சொல்லி, கையேட்டில் இருந்த குறியீட்டைக் காட்டி, அதே ஆயிலை வரவழைத்து வாங்கினேன்.

சனிக்கிழமை காலையில் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் இளகும் அளவுக்குச் சூடாக்கி, வீட்டு முற்றத்துக்குள் நேராக ஏற்றி நிறுத்தினேன். வெள்ளம் வந்து வீட்டுக்குள் புகுந்து போனதற்குப் பிறகு முற்றத்தை மண் போட்டு உயர்த்தி, சிமென்ட் பூசியிருந்தோம். தம்பி பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, படகு கட்டும் இடத்திலிருந்து கொண்டுவந்த தடித்த மரக்கட்டைகளை அடியில் கொடுத்தான். வண்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தான். மறுபடி உலுக்கினான். இந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது. பிறகு சட்டையைக் கழற்றிக்கொண்டு அடியில் போகப் போனான்.

"தள்ளுலே. அது என் எடம்."

ஓர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதில் படுத்து, முதுகாலேயே நகர்ந்து உள்ளே போனேன். நான் அதுவரை அறியாத ஒரு சந்தோஷம் அங்கே இருந்தது. மல்லாந்து படுத்தால் எல்லார் காலும் ஒன்றுதான். அங்கே வேலை கைகளுக்குத்தான். ஊன்றுகோலை இத்தனை வருடம் ஊன்றி உரமேறிய என் கைகளோடு போட்டி போட தம்பியாலும் முடியாது.

முத்தையாபுரத்தில் உப்புக் காற்று தொடாத இரும்பு கிடையாது. கியர் பாக்ஸ் அடித்தட்டின் போல்ட் ஒவ்வொன்றும் துருவில் உறைந்துபோயிருந்தது. துரு நீக்கும் திரவத்தை அடித்துவிட்டுக் காத்திருந்து, லேசாகத் தட்டி, முன்னும் பின்னும் அசைத்துத்தான் கழற்ற முடிந்தது. வடிகால் திருகு கழன்றதும் ஆயில் கொட்டியது. சிவப்பாக இருந்திருக்க வேண்டியது. கருப்பட்டிக் காப்பி நிறத்தில், லேசான தீய்ந்த வாடையோடு வந்தது. மேலே நின்ற தம்பி மூக்கைச் சுளித்தது எனக்கு அடியில் இருந்தே தெரிந்தது.

அடித்தட்டை இறக்குவதுதான் நான் பயந்த இடம். அதற்குள் ஒரு காந்தம் இருக்கும். உள்ளே எந்தப் பல்சக்கரம் தேய்ந்தாலும் அந்தத் தூள் அதில்தான் வந்து ஒட்டும். மை மாதிரிச் சேறு இருந்தால் தேய்மானம், பரவாயில்லை. இரும்புச் செதில் மின்னினால் கதை முடிந்தது. முத்து கிடைக்காதா என்று சிப்பியைத் திறந்து திறந்து பார்த்த ஊர் இது. மினுமினுப்பாக ஒன்றும் இருந்துவிடக் கூடாதே மாதாவே என்று வேண்டிக்கொண்டு திறந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காந்தத்தை வழித்து, விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்று கறுப்பு மை. ஒரு துகள்கூட உறுத்தவில்லை.

"ஏலே, இங்கன வந்து பாரு!"

அவனும் நகர்ந்து வந்து என் பக்கத்தில் படுத்துத் தொட்டுப் பார்த்தான். ஃபில்டரைக் கழற்றிவிட்டு, மிச்ச ஆயில் சொட்டி முடியட்டும் என்று இரண்டு பேரும் அப்படியே படுத்திருந்தோம். முகத்தைப் பார்க்காமல் பேச வசதியான இடம் அது. அதனால்தானோ என்னவோ அவன் வாயைத் திறந்தான்.

"கப்பல்ல சிக்னல் கெடைக்காது பாத்துக்க. கரை பக்கம் வந்ததும் எல்லா மெசேஜும் மொத்தமா வந்து விழும். ஒன் பேருல வந்தத நான் ஒடனே தொறக்க மாட்டேன். மத்தவங்க அனுப்புனத மொதல்ல பாப்பேன். அக்காவ லாரி அடிச்சிருச்சுன்னு யாராச்சும் போட்டுருப்பாங்களோன்னு. எல்லாத்தயும் பாத்த பெறகுதான் ஒன்னயத் தொறப்பேன். ஆட்டோன்னா கூட ஒரு ஆளு இருப்பாருல்லா, அதான்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி செய்ய வந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவன் வண்டியை விற்கப் பார்த்தது என் மேல் உள்ள இளக்காரத்தால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பாசத்துக்காகச் சாவியைக் கொடுக்க முடியுமா?

"நீ நடுக்கடல்ல புயல்ல கெடக்கன்னு எனக்கு மட்டும் தூக்கம் வருதாலே? அதுக்காக ஒன் கப்பல வித்துரச் சொல்லிக் கேட்டனா?"

அவன் வெளியே நகர்ந்தபடி, "புது ஃபில்டர எடுக்கட்டா?" என்றான்.

பழைய ரப்பர் வளையம் ஃபில்டரோடு வராமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நோண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். அடித்தட்டைத் துடைத்து, புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராக, அளவோடு முடுக்கினேன். வண்டியைக் கீழே இறக்கி, கல்லை எடுத்துவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பி போகும் குழாயில் புனல் வைத்து ஆயில் ஊற்றினோம். என்ஜினைப் போட்டு, பிரேக்கை மிதித்தபடி ஒவ்வொரு கியருக்கும் மாற்றி மாற்றி வந்தேன். தம்பி கம்பியை எடுத்துப் பார்த்தான். "நெறஞ்சிருக்கு" என்றான்.

முன்னால் போகும் கியரான டி-யில் போட்டுப் பிரேக்கை விட்டேன். வண்டி முன்னால் போகவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்தேன், என்ஜின் கத்தியது. வண்டி மெதுவாகப் பின்னால் நழுவியது.

ஓடிக்கொண்டிருந்த வண்டியை நானே கொன்றுவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன். பட்டறையில் சொன்னது காதுக்குள் கேட்டது. தம்பி பானெட்டை மூடவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. "விடுக்கா. நீ செய்ததுல ஒரு கொறயும் இல்ல. அதுக்கு வயசாயிருச்சு" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்ஜினை அணைத்துவிட்டு, கை கழுவலாம் என்று வாசல் பக்கத்துக் குழாய்க்கு நடந்தேன். ஊன்றுகோலை வைத்து நாலைந்து எட்டு வைத்திருப்பேன். இடது இடுப்பு வழக்கம்போல் முனகியது. அந்த முற்றத்தில் வாசலை நோக்கி நடக்கும்போதெல்லாம் அது முனகும். அடுத்த முறை தண்ணீர் வந்தால் வீட்டுக்குள் நிற்காமல் தெருவுக்கு ஓட வேண்டும் என்று கொத்தனார் வாட்டம் விட்டுப் பூசியிருந்தார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"ஏலே, இந்த முத்தம் எவ்வளவு சரிவு தெரியுமா?"

"லேசா இருக்கும். தண்ணி போவணும்லா?"

"ஒனக்கு அது லேசு. என் இடுப்பக் கேட்டுப் பாரு. வண்டி மூக்கத் தூக்கிட்டு நிக்கி. ஆயிலு ஒரு பக்கமா ஒதுங்கிக் கெடக்கு. அதுல கம்பிய விட்டா நெறஞ்சதாத்தான் காட்டும்!"

சமதளத்தில் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. நானும்தான் படித்திருந்தேன். சிமென்ட் பூசிய முற்றம் சமதளம்தானே என்று கண் ஏமாந்துவிட்டது.

நியூட்ரலில் போட்டுப் பிரேக்கை விட்டதும் வண்டி தானாகவே தெருவுக்கு உருண்டது. எதிர்வீட்டு வேப்பமரத்தடிக்கு அதைத் தள்ளச் சொன்னேன். அந்த இடத்தில் நின்றால் என் இரண்டு தோள்களும் ஒரே உயரத்தில் இருக்கும், அதனால் அது சமம் என்று எனக்குத் தெரியும். மறுபடி என்ஜினைப் போட்டுக் கம்பியைப் பார்த்தோம். நுனியில் மட்டும்தான் ஈரம். கொஞ்சம் ஊற்றி, கியர்களை மாற்றி, பார்த்து, மறுபடி கொஞ்சம் ஊற்றி, கோடு வந்ததும் நிறுத்தினேன். டி-யில் போட்டேன். ஒரு குலுக்கல் இல்லை. பிரேக்கை விடுவதற்காகவே காத்திருந்த மாதிரி வண்டி நகர்ந்தது.

"ஏறுலே!" என்று கத்தினேன். அழுதேனா என்றால், ஆமாம்.

திருச்செந்தூர் சாலையில் விட்டேன். இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளை வெள்ளையாக அம்பாரம். கியர் மாறுவதே தெரியவில்லை. தம்பி முதலில் தன் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தான். லாரி ஒன்றை முந்தும்போது கதவுக் கைப்பிடியைப் பிடித்தான். பிறகு அதையும் விட்டான். ஏதோ கேட்க வேண்டும் என்று திரும்பிப் பார்த்தால், தலை சாய்ந்து வாய் லேசாகத் திறந்திருந்தது. எண்ணெய்க் கறுப்பு அப்பிய கைகள் மடியில் கிடந்தன. சண்டையை மறந்து, லாரியை மறந்து, அக்கா ஓட்டுகிறாள் என்று தூங்கிவிட்டான். நான் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் போனேன்.

வீட்டுக்கு வந்தபோது புரோக்கர் வாசலில் பைக்கைச் சாய்த்துக்கொண்டு நின்றார். என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"வண்டி பாக்க வந்தேம்மா. தம்பி வரச் சொல்லிச்சு" என்றார்.

"மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. அவன் தூங்குதான். வண்டி குடுக்கல."

அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தலையாட்டிக்கொண்டு பைக்கைக் கிளப்பிப் போனார். நான் கண்ணாடியை ஏற்றினேன். என்ஜினை நிறுத்தினால் ஏசி நின்றுவிடும், வெக்கையில் அவன் விழித்துக்கொள்வான். பார்க்கிங்கில் போட்டு, என்ஜினை ஓடவிட்டு, அவன் தானாக எழும்பும்வரை ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.