ஆடிப்போன படம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஆனாலும் போனில் என்னைப்போல் படம் எடுக்க எங்கள் ஊரில் ஆள் இல்லை என்று தாராளமாகச் சொல்லுவேன். மாத்திரை தீர்ந்தால் அட்டையைப் படம் பிடித்து மருந்துக்கடையில் காட்டுவேன். குட்டி போட்ட ஆடு, பூத்த முருங்கை, சாப்பிடுகிற மகன், முகத்தைத் தூக்கி வைத்திருக்கிற மருமகள், எல்லாம் அதற்குள் இருக்கிறது.

போன வாரம் அது நிறைந்துவிட்டது. இனி எடுக்க முடியாதாம். மருமகள் வாங்கிப் பார்த்தாள்.

“ஏனுங்கத்தை, பாதிப் படம் ஆடிப்போய்க் கெடக்குதுங்க. மொகமே தெரியல. அழிச்சுப்போடட்டுங்களா?”

“நல்லா இருக்கறத வேணா அழிச்சுக்க. ஆடுனத உட்டுப்போடு.”

“இதென்ன கூத்துங்க!” என்று சிரித்தாள். நான் போனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அவளிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. ஒன்றரை வயதுத் தம்பி மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டான். உயிரோடு படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று அவனை ஒரு படம்கூட எடுத்ததில்லை. போன பிறகுதான் நாமக்கல்லில் இருந்து போட்டோக்காரரைக் கூட்டி வந்தார்கள். தம்பிக்குப் புதுச்சட்டை போட்டுப் பொட்டு வைத்து, வீட்டார் நடுவே என் மடியில் உட்கார வைத்தார்கள்.

“ஒரே படந்தானுங்க. ஆரும் அசையப்படாது” என்றார் போட்டோக்காரர்.

“தம்பி தூங்கறான் சாமி. ஆட்டிப்போடாத” என்றாள் என் அத்தை, என்னிடம்.

இப்போதென்றால் நின்ற இடத்தில் இருபது எடுக்கலாம். அன்றைக்கு அந்த ஒன்றுதான்.

தூங்குகிறான் என்று நானும் நம்பினேன். ஆனால் அவன் கை சில்லென்று இருந்தது. போட்டோக்காரர் கேமரா மூடியைத் திறந்து வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணும்போதே, குளிருகிறது போலிருக்கிறது என்று அந்தக் கையைத் தேய்த்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

படம் கழுவி வரப் பதினைந்து நாள். அப்பாவின் சைக்கிள் மணி கேட்டாலே மாட்டுக் கட்டுத்தரைக்கு ஓடி ஒளிவேன். இருந்த ஒரு படத்தையும் கெடுத்தவள் நான்தானே.

படம் வந்தது. எல்லோரும் கல் மாதிரி தெளிவாக இருந்தார்கள். என் மடியில் தம்பியின் கை இருந்த இடம் மட்டும் கலங்கியிருந்தது.

“ஆரு ஆட்டுனது?” என்றார் அப்பா.

அம்மா படத்தை வாங்கினாள். கலங்கிய இடத்தில் விரலை வைத்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“பாருங்க, பையன் கைய ஆட்டறான்” என்றாள்.

தம்பிமேல் பழி போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

“அவனில்லம்மா, நாந்தான் ஆட்டுனேன்” என்று சொல்லிவிட்டு, அடி வாங்க முதுகைக் காட்டி நின்றேன்.

அம்மா படத்திலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். அடி விழவில்லை. தப்பித்தோம் என்று விளையாட ஓடிவிட்டேன்.