மஞ்சள் வாசனையும் மாட்டுத் தடமும்

எங்கள் ஊரில் என் வீட்டுக்கு வழி கேட்டால், "யாரு, மோப்பக்காரர் வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பெயரை நானாக வைத்துக்கொள்ளவில்லை. அது எப்படி வந்தது என்பதை யாராவது கேட்டால் மச்சான்தான் சொல்லுவான். என் மனைவியின் அண்ணன் அவன், என் வயதுதான். நான் நாலு பேர் கூடினாலே நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் ஆள். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் தீவில், பாம்ப்ளமூஸ் ஊருக்கு வடக்கே எனக்கு ஒரு துண்டு கரும்பு நிலம். அந்த வேலை போக, குளிர் மாதங்களில் மேட்டுக்காட்டுக்கு மான் விரட்டப் போவேன். தோட்ட முதலாளிகளும் அவர்களுடைய விருந்தாளிகளும் துப்பாக்கியோடு வரிசையாக நிற்பார்கள். நாங்கள் தகரத்தைத் தட்டிக்கொண்டு மானை அவர்கள் பக்கம் ஓட்டவேண்டும். குண்டு பட்டும் விழாமல் ஓடிவிடும் மான்கள் உண்டு. அப்போது எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். நாய்க்காரர் மட்டும் கிழட்டு வேட்டைநாய் ஒன்றை நீளக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கிளம்புவார். நான் சோற்றை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போவேன். அந்த நாய் குரைக்காது, ஓடாது. மூக்கை மண்ணோடு வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரிந்தவர் வரிவரியாகப் படிப்பதுபோல நடக்கும். பெரணிப் புதருக்குள் மான் கிடக்கும் இடத்துக்கு வந்ததும் நின்று நாய்க்காரரைத் திரும்பிப் பார்க்கும், அவ்வளவுதான். பேசாமல் செய்து முடிக்கக்கூடிய இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு வருஷம் அங்கே ஒரு வேட்டைநாய்க்குச் சமையற்கட்டு நாயால் குட்டிகள் பிறந்தன. கலப்புக் குட்டிகள் வேண்டாம் என்று ஆற்றில் போடக் கொண்டுபோனார்கள். ஒன்றை எனக்குத் தாருங்கள் என்று நாய்க்காரரிடம் கேட்டேன். வெளியாள் ஒருவரிடம் நான் வாய்விட்டு எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு பெட்டைக் குட்டியைக் கோணிப்பையில் போட்டுக் கொடுத்தார். அதற்கு நான் பெயர் வைக்கவில்லை. நாக்கைத் தட்டிச் சத்தம் கொடுத்தால் வந்துவிடும்.

நாய்க்காரர் செய்ததைப் பார்த்திருந்தேனே தவிர, ஒரு குட்டிக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. முதலில் ஒரு கருவாட்டுத் துண்டைக் கயிற்றில் கட்டி வரப்போரம் இழுத்துக்கொண்டு போய், முடிவில் போட்டுவைத்தேன். குட்டி அதை எளிதாகப் பிடித்துக்கொண்டது. பிறகு மனிதத் தடம். மச்சான் தன் வியர்வைத் துணியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கரும்புக்குள் நடந்து போவான். நிலத்தைத் திருத்தும்போது பொறுக்கிக் குவித்த கறுப்புக் கல்மேடுகள் எங்கள் வயல்களில் வீட்டுயரத்துக்கு நிற்கும். அவற்றில் ஒன்றின் பின்னால் ஒளிந்துகொள்வான். துணியைக் குட்டியின் மூக்கில் வைத்து, "ஷெர்ஷ்" என்பேன். தேடு என்பதற்குக் காட்டில் வேட்டைநாய்களிடம் சொல்லும் வார்த்தை அது. கண்டுபிடித்தால் மச்சான் கையிலிருந்து கருவாடு கிடைக்கும்.

பனி இருக்கும் காலையில் தடம் நன்றாக நிற்கும். வெயில் ஏறினால் போய்விடும். திரும்பும் இடத்தில் நாய் தடத்தைத் தவறவிட்டுச் சுற்றும், அப்போது கயிற்றை இழுத்து உதவக்கூடாது. இதையெல்லாம் நாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கை சும்மா இருக்கப் பழகுவதற்கு எனக்குத்தான் அதைவிட நாளானது.

கல்மேட்டுக்குப் பின்னாலிருந்து மச்சான் எழுந்து வரும்போதெல்லாம் ஒன்று சொல்லுவான்.

"ஊருல எல்லாரும் திருடனப் பிடிக்க நாய் வளக்குறான். நீ மச்சானப் பிடிக்க வளக்குறியே."

தை மாதம் வந்தது. மச்சான் காவடி நேர்ந்திருந்தான். கொடி ஏறிய நாளிலிருந்து இரண்டு வீட்டிலும் மீன் கிடையாது, கருவாடும் கிடையாது. பயிற்சியை நிறுத்த எனக்கு மனமில்லை. அவனும் "நடக்குறதும் விரதந்தானே" என்று தினமும் வந்தான். காலையில் மஞ்சள் தண்ணீரில் குளித்துவிட்டு, மஞ்சள் வேட்டியோடு, வெறுங்காலோடு நடப்பான். நாய்க்குக் கருவாட்டுக்குப் பதிலாகப் பருப்புச் சோறு. அதிலும் மஞ்சள். அந்த நாட்களில் நாய் கயிற்றை விறைக்க இழுத்துக்கொண்டு போனது. ஒரு தடத்தையும் விடவில்லை. என் கைராசிதான் என்று உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தேன்.

காவடி முடிந்த மறுவாரம், சீனர் கடை வாசலில் மச்சான் நாயைப் பற்றிப் பெருமை அடித்துவிட்டான். அங்கே தோட்டத்துக் காவல்காரர் நின்றிருந்தார். பெரிய தோட்டத்தின் கரும்பையும் எங்கள் சில்லறை நிலங்களையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் கிரியோல்காரர், எங்கள் பாஷை நன்றாகப் பேசுவார்.

"அப்ப என்னைப் பிடிக்கச் சொல்லு பார்க்கலாம்," என்று தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த வாழைத்தோப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

நாய் தொப்பியை மோந்தது. கடையைச் சுற்றவே இல்லை. நேராகச் சாலையில் இறங்கியது. நானும் கயிற்றோடு ஓடினேன், பின்னால் பாதி ஊர் வந்தது. கோயில் சமையற்கட்டு முற்றத்தில், துவைத்துக் காயப்போட்டிருந்த மஞ்சள் வேட்டிகளுக்குக் கீழே போய் உட்கார்ந்து, வாலை ஆட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது.

காவல்காரர் வாழைத்தோப்பில் உட்கார்ந்து சலித்துப் போய் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "லிசியேங் லெக்லீஸ்" என்றார் தன் பாஷையில், கோயில் நாய் என்று. அன்றிலிருந்து நான் கடைப்பக்கம் போனாலே யாராவது, "என்ன, நாய் இன்னிக்கிப் பூசைக்குப் போகலையா?" என்பார்கள். சாமான் வாங்க மனைவியை அனுப்பிவிட்டு நான் வயலிலேயே இருந்துகொண்டேன்.

வயலில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. நான் நாய்க்கு மனிதனைத் தேடக் கற்றுக்கொடுக்கவில்லை, மஞ்சளைத் தேடக் கற்றுக்கொடுத்திருந்தேன். போகும் வழியும் மஞ்சள், கிடைக்கும் சோறும் மஞ்சள் என்றால் அது வேறு என்ன செய்யும்? கற்றுக்கொடுத்ததை அது சரியாகத்தான் செய்திருந்தது. அது தெரிந்ததும் வெட்கம் பாதி போய்விட்டது. முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

இந்தத் தடவை தடம் போட என் மனைவியைக் கேட்டேன். அவள் நாயைக் கண்டாலே முகம் சுளிப்பாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து எங்க போறேன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டதில்ல. இப்ப நாயை விட்டுத் தேடப் போறீங்களாக்கும்," என்றாள். ஆனால் நடந்தாள்.

அவள் போன பிறகு, அவள் தடத்துக்குக் குறுக்கே மச்சான் நடந்து போவான். நாய்க்கு அவள் தலைத்துணியை மோக்கக் கொடுப்பேன். இருவர் தடமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அது பழக்கப்பட்ட மச்சான் பக்கம் திரும்பினால் ஒன்றும் சொல்லாமல், ஒன்றும் கொடுக்காமல் பழைய இடத்துக்கே கூட்டிவருவேன். மறுபடி தலைத்துணி, மறுபடி "ஷெர்ஷ்". மூக்கில் எதைக் கொடுத்தேனோ அதைத்தான் தேடவேண்டும், தெரிந்தவனாக இருந்தாலும் அடுத்தவன் தடத்தைத் தாண்டிப் போகவேண்டும். இதைப் புரியவைக்க மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. கடைசியில் ஒரு நாள் நாய் மச்சான் தடத்தின்மேல் நின்றது, ஒரு முறை வாலை ஆட்டியது, பிறகு மனைவி போன பக்கம் போய்விட்டது. கல்மேட்டுக்குப் பின்னாலிருந்து அவள் சிரித்துக்கொண்டே எழுந்தாள். தன் சாப்பாட்டுத் தூக்கில் இருந்த கருவாட்டை முழுசாக அதற்குக் கொடுத்துவிட்டாள்.

கரும்பு பூத்து நின்ற மாதத்தில் அது நடந்தது.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். கணவன் இறந்து தனியாக இருப்பவள், ஒரு பசுவின் பாலை ஊற்றிப் பிழைப்பவள். அந்தப் பசு நிறைசினையாக இருந்தது. ஒரு நாள் விடியற்காலை அவள் கூச்சல் கேட்டு ஓடினோம். கொட்டாயில் மாடு இல்லை. முளையில் கட்டிய கயிறு மட்டும் அறுபடாமல் கிடந்தது. கயிறு அறுபடவில்லை என்றால் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். திருடன் சாலை வழியாகத்தான் ஓட்டியிருப்பான் என்று ஆட்கள் சாலையின் இரு பக்கமும் ஓடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அப்போது அக்கா மச்சானைக் கைகாட்டினாள். போன மாதம் அந்தப் பசு அவன் இளங்கரும்பில் வாய் வைத்திருந்தது. "இன்னொரு தரம் வந்துச்சு, மாடு வீடு திரும்பாது" என்று அவன் எல்லோரும் கேட்கக் கத்தியிருந்தான். போதாததற்கு அன்று விடியற்காலை அவன் அரிவாளோடு அவள் வேலியோரம் நடந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

"புல்லறுக்கப் போனேன். தினமும் போறதுதானே," என்றான் மச்சான்.

"போனியா இல்லியா?" என்றாள் அக்கா.

"வேலி ஓரமாத்தான் போனேன்கா. உள்ள வரல."

"அதை ஸ்டேஷன்ல வந்து சொல்லு," என்றார் அதற்குள் வந்து சேர்ந்திருந்த காவல்காரர். வேடிக்கை பேசியே பழகிய மச்சானுக்கு அன்று ஒரு வேடிக்கையும் வரவில்லை. ஸ்டேஷனுக்குப் போய் மாட்டுத் திருடன் என்று பெயர் எடுத்தவனுக்கு எங்கள் பக்கம் யாரும் வேலை கொடுக்கமாட்டார்கள், பெண்ணும் கொடுக்கமாட்டார்கள். அவனுக்கோ கல்யாண வயதில் ஒரு மகன் இருந்தான்.

என் மனைவி என் அருகில் வந்தாள். "நாயைக் கொண்டு வாங்க," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

நான் அவளைப் பார்த்தேன். வேலியோரம் அவள் அண்ணனுடைய தடம் புதிதாக இருக்கிறது. அந்த நாய் பிறந்ததிலிருந்து மோந்து வளர்ந்த தடம். அது அவன்மேல் போய் ஏறினால், ஊருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

"தெரியும்," என்றாள். "கொண்டு வாங்க."

கயிற்றில் நாயைப் பிடித்துக்கொண்டு நான் வந்ததும் சிரிப்பு கிளம்பியது. "மாடு கோயிலுக்குப் போயிருக்கும்னு பார்க்குறாரு," என்றார் ஒருவர். நான் காவல்காரரிடம் போய், "கொஞ்சம் இருங்க" என்றேன். எனக்கே என் குரல் கேட்டது.

மாடு படுத்திருந்த கோணியை நாயின் மூக்கில் வைத்தேன். "ஷெர்ஷ்."

அது கொட்டாயை ஒரு சுற்றுச் சுற்றியது. பின்பக்கம் வேலி சரிந்து கிடந்த இடத்தில் வெளியே வந்தது. அங்கேதான் மச்சானின் காலடி போயிருந்தது. நாய் நின்றது. தலையைத் தூக்கி, கூட்டத்துக்கு நடுவே நின்ற மச்சானைப் பார்த்தது. வாலை ஆட்டியது. அவன் பக்கமாக இரண்டெட்டு வைத்தது.

"அதோ," என்றார் யாரோ.

மச்சான் அசையவில்லை. என் கை கயிற்றை இழுக்கத் துடித்தது. இழுத்திருந்தால் நான் திருப்பிவிட்டேன் என்று சொல்லியிருப்பார்கள். கயிற்றைத் தொய்வாகவே பிடித்திருந்தேன்.

நாய் மறுபடி மூக்கைத் தரையில் வைத்தது. திரும்பியது. வேலியைத் தாண்டிக் கரும்புக்குள் நுழைந்தது.

பின்னால் வந்தவர்களின் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கரும்புக்குள் சருகு மெத்தைபோலக் கிடக்கும், குளம்படி பதியாது. ஆளுயரத்துக்கு மேல் பூத்து நிற்கும் கரும்பில் ஒருவரை ஒருவர் பார்க்கவும் முடியாது. நான் நாயின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு வண்டிப்பாதையில் தடத்தை விட்டுவிட்டுச் சுற்றியது. நான் சும்மா நின்றேன். அதுவே கண்டுபிடித்தது. கடைசி நிலத்தின் மூலையில், கற்றாழை முளைத்துக் கிடந்த பெரிய கல்மேட்டுக்குப் பின்னால் போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தது.

பசு நின்றுகொண்டிருந்தது. அதன் காலடியில் ஈரம் காயாத ஒரு கன்று, எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அக்கா கன்றைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவளுக்கே நினைவு வந்தது. கன்று போடும் நேரத்தில் கழுத்து இறுகக்கூடாதென்று முந்தின நாள் மாலை அவளே கயிற்று வளையத்தைத் தளர்த்திக் கட்டியிருந்தாள். மாடு தலையை உருவிக்கொண்டு, மறைவிடம் தேடி வந்துவிட்டது.

அவள் மச்சான் எதிரில் போய் நின்றாள். "என் வாய்ல மண்ணு விழ," என்றாள்.

"உன் மாட்டுக்கு என் கரும்புதான் பிடிக்கும்னு நினைச்சேன். அடுத்தவன் கரும்பும் பிடிக்குது," என்றான் மச்சான். அவனுக்குப் பேச்சு திரும்பியிருந்தது. குனிந்து கன்றைத் தூக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "வழி விடுங்கப்பா. இந்த வருஷம் எனக்கு ரெண்டாவது காவடி."

பசு கத்திக்கொண்டு அவன் பின்னால் வந்தது. எல்லோருக்கும் பின்னால் நானும் நாயும் வந்தோம். காவல்காரர் நடையைக் குறைத்து என்னோடு சேர்ந்துகொண்டார். வீடு நெருங்கும்போது தொப்பியைக் கழற்றி நீட்டினார். "இன்னொரு நாள் திரும்பத் தேடச் சொல்லு. நான் வாழைத்தோப்புல இருக்க மாட்டேன்," என்றார்.

அக்கா மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்தாள். பசுவின் நெற்றியில் வைத்தாள், கன்றின் நெற்றியில் வைத்தாள். பிறகு விரலை நீட்டிக்கொண்டு நாயிடம் வந்தாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

"நாய்க்கு வேணாம்கா," என்றேன். எல்லோருக்கும் கேட்டிருக்கும். "அது மறந்ததை மறுபடி ஞாபகப்படுத்தாதீங்க."

முதலில் சிரித்தவள் என் மனைவி. அக்கா அந்த மஞ்சளை என் நெற்றியில் வைத்துவிட்டுப் போனாள். நாய் எம்பி என் நெற்றியை ஒரு தரம் மோந்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, என் மனைவியின் கையில் இருந்த கருவாட்டுக்குப் போய்விட்டது.