ராங்கி

திமிர் ஆளுக்கும் வரும், காளை மாட்டுக்கும் வரும். ராங்கி என்பதைப் பெரும்பாலும் பெண்களுக்குத்தான் சொல்வார்கள். தலை நிமிர்ந்து நடந்தால் ராங்கி, கூப்பிட்டும் திரும்பாவிட்டால் ராங்கி. அந்தச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் அம்மாவைப் பற்றி.

அப்போது அடுகோடியில், ஒரு பொது முற்றத்தைச் சுற்றியிருந்த வாடகை வீடுகளில் ஒன்றில் இருந்தோம். தங்கச் சுரங்கத்தில் வேலை தேடிக் கோலாருக்குப் போன அப்பாவிடமிருந்து பல மாதங்களாகத் தகவல் இல்லை. அம்மா அதை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், "நல்லா இருக்காரு" என்பாள், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பக்கத்து வீட்டு அத்தை, துணி மூடிய தட்டோடு வாசலுக்கு வந்தாள். அச்சுமுறுக்கு வாசனை அவளுக்கு முன்னால் உள்ளே வந்துவிட்டது. பலகாரம் வந்த தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது எங்களுக்குள் வழக்கமில்லை. ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுக் கொடுப்பார்கள். அம்மா சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். கவிழ்த்துத் தட்டினாள். பிறகு என்னிடம், "வாணாம்னு சொல்லிட்டு வா" என்றாள்.

எனக்கு யாரிடமும் பேச வராது. தரையைப் பார்த்தபடி, "வாணாமாம்" என்றேன்.

"யாருக்கு வாணாம்?"

"அம்மாவுக்கு."

"ஏன், மகாராணி வந்து சொல்லமாட்டாங்களோ? எம் பலகாரம் அவங்க தொண்டையில எறங்காதாமா? அப்பாடி, இன்னா ராங்கி!" பின்னால் நின்ற தன் மகனின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடா. இந்த ராங்கிக்காரி ஊட்டாண்ட இனிமே கால வெச்சே, முறிச்சிருவேன்."

அந்த முற்றத்தில் என்னோடு விளையாட அவன் ஒருவன்தான் இருந்தான்.

கதவைச் சாத்திவிட்டு, "ராங்கின்னா இன்னாம்மா?" என்று கேட்டேன். கஞ்சிக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது வசதியா இருக்கறவங்களுக்கு வர்ற சீக்குடா."

நாங்கள் வசதியானவர்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மறுநாள் பூசை முடிந்து வந்ததும் புதுச்சட்டையோடு அவன் முற்றத்தில் தனியாகப் பம்பரம் விட்டான். நான் சன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தவன், உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான். பணக்கார வீட்டுப் பிள்ளைகளை யாரும் விளையாடக் கூப்பிட மாட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.