இத்தாவில் பூட்டிய கோப்பு

கல்முனையில் எங்கள் அலுவலகம் ஒரு வெளிநாட்டுக் காப்புறுதிக் கம்பனிக்கு வேலை செய்கிறது. அவர்களுடைய மெயின்பிரேம் என்ற பெருங்கணினி கடல் கடந்து எங்கோ இருக்கிறது. அதிலுள்ள பொதுக் கோப்புகளை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று பார்ப்பது என் உத்தியோகம். பெரிய பதவிதான். வாசல் காவலாளிக்குச் சீருடையாவது கொடுப்பார்கள்.

எங்களோடு வேலை செய்த, என்னை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் ஒரு தங்கச்சி, கணவர் மௌத்தாகி இத்தாவில் இருந்தாள். கணவனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியே இறங்கக் கூடாத காலம். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டுமே என்று, வீட்டிலிருந்தே வேலை கேட்டாள். எங்கள் கொழும்புத் தலைமையகம் சம்மதித்தது. முதல் நாளே அவளுடைய வேலைக்கான கோப்பு 'அனுமதி இல்லை' என்றது. மாத முடிவுக்குள் வேலை நடக்காவிட்டால் அவளுடைய இடத்துக்கு வேறு ஆள் என்று கொழும்பு அறிவித்தது. இரக்கமுள்ளவர்கள், மாத முடிவு வரை பொறுத்தார்கள்.

கோப்பைத் திறக்க அனுமதியுள்ள குழு ஒன்றில் அவளைச் சேர்த்தேன். திறக்கவில்லை. இன்னொன்றில் சேர்த்தேன். அதற்கும் அசையவில்லை. ஊரில் எந்தச் சங்கமும் இவ்வளவு வேகத்தில் ஆள் சேர்த்திருக்காது. எங்கள் மனேஜர் தினமும் என் மேசைக்கு வந்து பெருமூச்சு விடுவார்.

"பாவம் தம்பி அந்தப் புள்ள. எப்படியாச்சும் பாத்துக் குடுங்க."

கடைசியில் அந்தக் கோப்பின் அனுமதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் பெயருக்கென்றே தனியாக ஒரு தடை கிடந்தது. சொந்தப் பெயருக்குத் தடை இருந்தால் எந்தக் குழுவின் அனுமதியும் அங்கே செல்லாது. தடை போட்டவர் என்று மனேஜரின் பெயர் பதிவாகியிருந்தது. ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறோம்.

கேட்டேன். மனிதர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"ஓம், நான்தான். மௌத்துச் செய்தி வந்த அண்டே போட்டன். இத்தாவில இரிக்கிற புள்ளைக்கு ஆரும் வேல குடுத்துக் கரைச்சல் படுத்தப்படா எண்டுதான். மரியாதைக்குச் செஞ்சது."

"அவவே வேல கேட்டவதானே, சேர்."

"குழுவில சேத்தா அது தானாப் போயிரும் எண்டு நினைச்சன், தம்பி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதையால் ஒரு குடும்பத்தைப் பட்டினி போட எங்களால்தான் முடியும். தடையை எடுத்துவிட்டு அவளுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னேன். சேர் மரியாதைக்காகச் செய்தாராம் என்பதையும் சொன்னேன்.

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. கோப்பு திறந்துவிட்டது போல.

"மௌத்தானது எங்கட அவர்தான், காக்கா," என்றாள். "நானில்ல. சேர்ட்டச் சொல்லுங்க."