ஐந்து என்று மட்டும் சொன்னேன்

சென்னையில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம் வைத்தார்கள். தாய்மாமன் நான் ஒருவன்தான். மோதிரம் போட எனக்கு வழியில்லை என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் அவளே போனில் சீர் இன்னதென்று சொல்லிவிட்டாள்.

"அஞ்சு வீசை லப்பெட் கொண்டா. வேற எதுவும் வேணாம்."

லப்பெட் என்பது ஊறிய தேயிலை. எங்கள் யாங்கோனில் கல்யாணப் பேச்சு முடிந்தால் அதை வறுத்த பருப்பு, பூண்டு, எள்ளோடு தட்டில் வைப்பார்கள். சென்னைக்குக் கட்டிக்கொடுத்துப் போய் இருபத்தைந்து வருடம் ஆகியும், அந்தத் தட்டு இல்லாமல் தன் வீட்டு நிச்சயம் நிச்சயமே இல்லை என்று அக்கா நினைத்தாள்.

டிக்கெட்டுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க லத்தா பேட்டைச் சந்தையில் மூட்டை இறக்கினேன். ஒரு கால் வீங்கியது. டிக்கெட் வந்துவிட்டது, வீக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் பாக்கி.

வாங்கி பத்து நாள்கூட ஆகவில்லை. தின்கன்ஜூன் பக்கம் ஒரு கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜை வாத்தியார், அதே நாள், அதே விமானத்துக்கு நாற்பது டாலர் குறைவாக டிக்கெட் எடுத்ததை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

எனக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்த பெண் தமிழச்சி. லத்தாவில் துணிக்கடை மாடியில் அவளுக்கு ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். என்னைவிட இளையவள், ஆனாலும் அந்தத் தெருவே பர்மியில் அக்கா என்று பொருள்பட 'மமா' என்று கூப்பிடும். நானும் அப்படித்தான். ஒருமுறை போனில் இதைக் கேட்ட என் அக்கா, எந்த மாமா உனக்கு டிக்கெட் எடுத்துத் தருகிறார் என்று விசாரித்தாள்.

நாற்பது டாலரைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். டிக்கெட்டை ரத்து செய்தால் அபராதமே அதைவிடக் கூட வரும் என்றாள். குறைந்த விலைக்கு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் வித்தியாசம் கையில் வராதாம். என் பெயரில் அந்தக் கம்பெனியிலேயே வரவாக நிற்கும், ஒரு வருடத்துக்குள் அவர்களிடமே செலவழிக்க வேண்டும். சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்கும் கடைக்காரன்தான் நினைவுக்கு வந்தான். அடுத்த வருடம் நான் எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது.

என் முகத்தைப் பார்த்து அவள் யோசித்தாள். அந்தப் பணத்தில் பெட்டிக்குக் கூடுதல் எடை வாங்கலாமே என்றாள். டிக்கெட்டோடு வந்த இருபது கிலோவை அக்கம்பக்கத்தார் கொடுத்தனுப்பிய கருவாடும் லுங்கிகளும் என் துணிகளும் ஏற்கெனவே தின்றுவிட்டன. லப்பெட்டுக்குத்தான் இடமில்லை.

"எத்தனை வேணும், அண்ணே?"

"அஞ்சு."

அவள் ஐந்து என்று தட்டினாள். நாற்பது டாலரும் சரியாகத் தீர்ந்தது. விமானக் கம்பெனியையே ஏமாற்றிவிட்ட பெருமையோடு மாடிப்படி இறங்கினேன்.

மிங்கலாடோன் விமான நிலையத்தில் பெட்டியை வைத்ததும் எண் இருபத்தெட்டைத் தாண்டியது. உங்களுக்கு இருபத்தைந்துதான் என்றாள் கவுண்டர் பெண். ஐந்து கூடுதலாக வாங்கியிருக்கிறேன் அம்மா என்று பர்மியில் வாதாடினேன். அவள் பெட்டிக்குள் என்ன என்று கேட்டாள். சொன்னேன். எவ்வளவு என்றாள். ஐந்து வீசை என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சந்தையில் வீசையிலேயே தூக்கி வீசையிலேயே கூலி வாங்குகிறவன் நான். ஐந்து என்றால் எனக்கு வீசை, கம்ப்யூட்டருக்குக் கிலோ. ஒரு வீசை ஒன்றரைக் கிலோவுக்கு மேல்.

மூன்று கிலோவுக்குக் கட்டணம் சொன்னாள். பையில் டாக்சிக்குக் கொடுத்த மிச்சம்தான் இருந்தது. கைப்பையும் நிறைந்திருந்தது. இரண்டு வீசையை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு, மூன்று வீசைச் சீரோடு போய் நிற்கலாமா என்று யோசித்தேன். வரிசையில் பின்னால் இருந்தவர்கள் முனக ஆரம்பித்தார்கள்.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னாள்: "ஆளை நாங்க நிறுக்கறதில்ல, ஊலே."

ஊலே என்றால் சித்தப்பா. ஓரமாகப் போய்ப் பெட்டியைத் திறந்து, கொண்டுவந்த என் துணியை எல்லாம் மேலே போட்டுக்கொண்டேன். நான்கு சட்டை, கம்பளிச் சட்டை ஒன்று, லுங்கிக்கு மேல் லுங்கியாக மூன்று. இரண்டாம் முறை எண் இருபத்தைந்தில் நின்றது. கையை மடக்க முடியாததால் பாஸ்போர்ட்டை அவளே என் பையில் செருகிவிட்டாள்.

சென்னை வெயிலில் வெளியே வந்தேன். வியர்வை உள்ளாடையிலிருந்து கம்பளிவரை வந்திருந்தது. அக்கா என்னைத் தாண்டி இரண்டு முறை பார்வையை ஓட்டினாள். பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"மூட்டை தூக்குறவன் இப்படியாடா பெருத்திருப்ப?"

நான் பெட்டியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, முதல் சட்டையின் பொத்தானைக் கழற்றினேன். அவள் அங்கேயே குத்தவைத்துப் பெட்டியைத் திறந்து, வீசைக்கு ஒன்றாகக் கட்டிய பொட்டலங்களை விரல் விட்டு எண்ணினாள். ஐந்து வந்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.