தாய்மாமன் என்று ஓர் இங்கிலீஷ் வார்த்தை

ஒரகடத்தில் மூன்று மாடி, நாற்பத்திரண்டு ரூம் விடுதி. ஆறாம் வகுப்போடு நின்றவன் கட்டியது. இன்ஜினியர் வரைந்த பிளானிலேயே தூண் தப்பு என்று மாற்ற வைத்தவன் நான். பெண்சாதி போன பிறகு கீழ்த்தளத்தில் தனியாக இருக்கிறேன்.

போன மாதம் ரூமைக் காலி செய்த திருநெல்வேலிப் பெண், விடுதியைப் பற்றி இன்டர்நெட்டில் நாலு வரி இங்கிலீஷில் எழுதிக் காட்டினாள். அதில் எனக்கென்று ஒரு வார்த்தை: அவங்குலர்.

"இன்னாம்மா, திட்டிட்டுப் போறியா?"

"ஐயோ, இல்ல அங்கிள். காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி வச்சுக் குடுத்தீங்கல்லா, அதுக்குத்தான்." போனைப் பார்த்துப் படித்தாள். "லத்தீன்ல இருந்து வந்த வார்த்தையாம். தாத்தாங்குற வார்த்தையைச் செல்லமா மாத்தி, அம்மா கூடப் பொறந்தவருக்கு வச்சிருக்காவ. அப்பா கூடப் பொறந்தவருக்கு வேறயாம். அப்ப நீங்க தாய்மாமா மாதிரி."

"அவ்ளோ தூரத்து ஆளுங்களுக்கே மாமன் யாருன்னு தெரிஞ்சுகீதே!" என்று சிரித்தேன். அவள் ஆட்டோ திரும்பியதும் சிரிப்பு போய்விட்டது.

மணிமங்கலத்தில் எனக்கு ஒரு தங்கை. அவளுக்கு ஒரே பெண். அது வயதுக்கு வந்து சடங்கு வைத்த அன்றுதான் இந்தக் கட்டிடத்துக்கு முதல் தளம் போட்டேன். கான்கிரீட் கலவை ஓட ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த முடியாது. சீர்த்தட்டுகளை மட்டும் வேனில் அனுப்பினேன். அந்த ஊர் அப்படி ஒரு சீரைப் பார்த்ததில்லை, இன்றும் சொல்வேன். சாயங்காலம் அத்தனை தட்டும் அதே வேனில் திரும்பின. தங்கை போன் செய்தாள்.

"தட்டு வந்துச்சுண்ணா, மாமன் வரல. புள்ள வாசலையே பாத்துக்கினு மணையில குந்திக்கினு இருந்துச்சு."

அதோடு பேச்சு நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

நாற்பத்திரண்டு ரூமிலும் நான் அங்கிள். மாமா என்று கூப்பிட உரிமையுள்ளவள் ஒருத்திதான். அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று ஆகிவிட்டது.

மறுநாள் காலை பஸ் ஏறிப் போனேன். காரும் எடுக்கவில்லை, கையில் தட்டும் இல்லை. கதவைத் திறந்தது அந்தப் பெண்தான். கழுத்தில் கம்பெனி கார்டு. மூக்கு அப்படியே என் தங்கையுடையது.

"யார்டீ அது?" உள்ளேயிருந்து தங்கையின் குரல்.

"தெர்லமா. யாரோ பெரியவரு."

ஆபீசர், கான்ட்ராக்டர் எவனிடமும் பேச்சில் தோற்காதவன் நான். அங்கே, "நான் உன்..." என்று மட்டும் ஆரம்பித்தேன். தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"கொஞ்சம் வழி வுடுங்க சார், ஷிப்ட் பஸ்ஸு."

ஒதுங்கி நின்றேன். அவள் ஓடினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, தங்கை எழுந்து வரட்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.